இருமலுக்கு ஒரு நாட்கணக்கு

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய நாள் முதல் மார்கழிப் பனி விலகும் வரை, எந்த மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவிலும் ஓயாமல் கேட்கும் ஒலி இருமலே. இருமிக்கொண்டு வருவோரை இரு வகையினராகப் பிரித்துப் பார்க்கலாம். முதல் வகையினர், இருமல் தொடங்கிய மூன்றாம் நாளே வந்துவிடுபவர்கள். "சளி நெஞ்சில் இறங்கிவிட்டது, கொஞ்சம் பவரான மருந்தாக எழுதிக்கொடுங்கள், டாக்டர்" என்பது அவர்களது வேண்டுகோள். இரண்டாம் வகையினர், பத்து ஆண்டுகளாக நாள்தோறும் காலையில் இருமிச் சளியைத் துப்பி வந்தவர்கள். மாடிப்படி ஏற இயலாமல் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு, அதுவும் மகளோ மருமகனோ வற்புறுத்தி அழைத்து வந்ததால், வந்திருப்பார்கள். "இருமலா? அது பழகிப்போன ஒன்றுதானே" என்பது அவர்களது பதில்.

இரு வகையினரின் நோய்க்கும் மருத்துவம் வைத்திருக்கும் பெயர் ஒன்றே: மூச்சுக்குழாய் அழற்சி. ஆங்கிலப் பெயரால் 'பிரான்கைட்டிஸ்' என்றும் இதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். முன்னவருக்கு இருப்பது சில வாரங்களில் தானே அடங்கும் குறுகியகால அழற்சி. பின்னவருக்கு இருப்பது ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள் வளரும் நாட்பட்ட அழற்சி. பொறுத்திருக்க வேண்டிய இருமலில் நாம் பதறுகிறோம். பதற வேண்டிய இருமலைப் பொறுத்துக்கொள்கிறோம். இந்தத் தலைகீழ் வழக்கத்தை மாற்றுவதற்குப் புதிய மருந்து எதுவும் தேவையில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே போதும் என்பது என் கருத்து. இருமல் என்றதும் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி "என்ன மருந்து?" என்பதன்று, "எத்தனை நாளாக?" என்பதே.

குழாயின் உட்புறத்தில் நிகழ்வது

தொண்டைக்குக் கீழே இறங்கும் மூச்சுக்குழாய், இரு கிளைகளாகப் பிரிந்து, மேலும் மேலும் கிளைத்து, தலைகீழாக நிற்கும் மரம் போல நுரையீரல் முழுவதும் பரவியிருக்கிறது. இக்கிளைகளின் உட்சுவரில் மெல்லிய சவ்வும், அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகளும், அவற்றின் மேல் மெல்லிய சளிப்படலமும் உள்ளன. நாம் உள்ளிழுக்கும் தூசியும் கிருமியும் அச்சளியில் ஒட்டிக்கொள்ள, மயிரிழைகள் இடைவிடாமல் அசைந்து அதைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. நலமாக உள்ளவருக்கும் இப்பணி இரவும் பகலும் நடந்துகொண்டே இருக்கிறது.

இந்த உட்சவ்வு புண்பட்டு, வீங்கி, அளவுக்கு மீறிச் சளியைச் சுரப்பதையே அழற்சி என்கிறோம். இதற்கு 'பிரான்கைட்டிஸ்' என்ற பெயரை 1808ஆம் ஆண்டு ஆங்கில மருத்துவர் சார்லஸ் பேட்ஹாம் வழங்கினார். நிமோனியா இதனின்று வேறானது. அது குழாய்களின் முடிவில் உள்ள நுண்ணிய காற்றறைகளைத் தாக்குவது. பெரும்பாலும் இதைவிடக் கடுமையானது. மார்பை ஸ்டெதஸ்கோப்பால் கேட்பதும், தேவையானால் எக்ஸ்ரே எடுப்பதும் இவ்விரண்டையும் பிரித்தறிவதற்காகவே.

குறுகியகால அழற்சிக்கு நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வைரஸ்களே காரணம். சாதாரணச் சளியையும் ஃப்ளூவையும் உண்டாக்கும் அதே வைரஸ்கள்தாம். வைரஸ் ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் அது உரித்துச் சென்ற சவ்வு மீண்டும் வளர்ந்து, மயிரிழைகள் மறுபடி முளைத்து, சளியைத் தள்ளும் பணியைத் தொடங்க மேலும் சில நாட்கள் ஆகும். அதுவரை அப்பணியை இருமல்தான் செய்ய வேண்டும். காய்ச்சல் போன பிறகும் இருமல் நிற்கவில்லையே என்று கவலைப்படுவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். முழங்காலில் பட்ட சிராய்ப்பு ஆற எடுக்கும் காலத்தைக் குழாயின் உட்சுவருக்கும் நாம் தந்தாக வேண்டும்.

முதற்கணக்கு: மூன்று வாரம்

குறுகியகால அழற்சியின் இருமல் எத்தனை நாள் நீடிக்கும்? 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இக்கேள்வியை இரு வழிகளில் ஆராய்ந்தனர். பொதுமக்களைக் கேட்டபோது, ஏழு முதல் ஒன்பது நாட்களில் இருமல் நின்றுவிடும் என்பதே பெரும்பான்மையான எதிர்பார்ப்பாக இருந்தது. முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோதோ, சராசரி ஏறத்தாழ 18 நாட்கள் என்று தெரியவந்தது. நம் எதிர்பார்ப்புக்கும் உடலின் நடைமுறைக்கும் இடையே உள்ள இந்தப் பத்து நாள் இடைவெளியில்தான் தேவையற்ற மருந்துகள் நுழைகின்றன. எட்டாம் நாள் இருமல் நிற்காததால் ஒரு மருந்து. பன்னிரண்டாம் நாள் மருத்துவரை மாற்றி இன்னொரு மருந்து. பதினெட்டாம் நாள் இருமல் நின்றதும், கடைசியாக உட்கொண்ட மருந்துக்குப் பெருமை. அது தானே நிற்க வேண்டிய நாளில் நின்றது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. வைரஸிடம் அது செல்லாது. குறுகியகால அழற்சிக்கு ஆன்டிபயாடிக் தரப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இருமற்காலம் சராசரியாக அரை நாள் மட்டுமே குறைந்தது. அந்த அரை நாளுக்காகச் சிலர் வயிற்றுப்போக்கும் வாந்தியும், ஒவ்வாமைத் தடிப்பும் பெறுகின்றனர்.

"ஆனால் சளி பச்சையாக வருகிறதே" என்பது அடுத்த வாதம். பச்சை நிறம் பாக்டீரியாவின் அடையாளமன்று. நோயை எதிர்க்க விரைந்து வரும் வெள்ளணுக்களுக்குள் இயல்பாகவே பச்சை நிறமுடைய ஒரு நொதி உள்ளது. அவ்வணுக்கள் சளியில் சேரும்போது சளி மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறுகிறது. வைரஸ் தாக்குதலிலும் இவ்வாறே நிகழும். நிறத்தை மட்டும் கொண்டு மருந்தைத் தீர்மானிக்க இயலாது.

தேவையற்ற ஆன்டிபயாடிக்கின் தீங்கு அதை உண்டவரோடு முடிவதில்லை. மருந்துக்குப் பழகிய பாக்டீரியாக்கள் பெருகி, உண்மையிலேயே அம்மருந்து தேவைப்படும் நாளில், பிரசவத்துக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ வந்த வேறொருவருக்கு அது பயனற்றுப் போகிறது. இந்த அபாயத்தை எதிர்கொள்வதற்கான செயற்திட்டத்தை இந்திய மருத்துவச் சங்கங்கள் 2012ஆம் ஆண்டு கூடி வகுத்த இடம் நம் சென்னை. 'சென்னைப் பிரகடனம்' என்றே அது அழைக்கப்படுகிறது. 2014 முதல், முக்கியமான சில ஆன்டிபயாடிக்குகளை விற்கும் மருந்துக் கடைகள் தனிப்பதிவேட்டில் விவரம் எழுத வேண்டும் என்ற விதியும் நடைமுறையில் உள்ளது. மருந்து அட்டையின் மீது சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டின்றி அதை வாங்கக் கூடாது என்று பொருள். பக்கத்து வீட்டாருக்கு எழுதிய சீட்டையும், சென்ற ஆண்டு மீந்த மாத்திரையையும் மருத்துவர் சீட்டாகக் கருத முடியாது.

அப்படியானால் ஆன்டிபயாடிக் ஒருபோதும் வேண்டாமா? அவ்வாறு கூறுவதும் தவறு. நிமோனியா, கக்குவான் இருமல், ஏற்கெனவே நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்குத் திடீரெனக் கூடும் இரைப்பு, நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவருக்கு வரும் தொற்று ஆகியவற்றில் அது உயிர் காக்கும் மருந்து. மருத்துவர் ஆராய்ந்து எழுதித் தந்தால், அவர் குறித்த அளவில், குறித்த நாட்களுக்கு உட்கொள்ள வேண்டும். கேட்டு வாங்குவதும், பாதியில் நிறுத்துவதுமே தவிர்க்க வேண்டியவை.

இந்த மூன்று வாரத்தில் செய்யத்தக்கவை எளியவை. போதிய ஓய்வு, வெதுவெதுப்பான நீரும் கஞ்சியும், காய்ச்சலுக்குப் பாரசிட்டமால். ஒரு வயதைக் கடந்தவர்களுக்குத் தேன் இருமலைச் சற்றுத் தணிக்கும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தருவது ஆபத்து. ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் கொதிநீர்ப் பாத்திரத்தின் அருகே குழந்தைகளைக் கொண்டுசெல்லக் கூடாது. வெந்துபோன புண்ணுடன் வரும் குழந்தைகளை மருத்துவமனைகள் இன்றும் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இருமல் சிரப்புகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இவை நோயின் காலத்தைக் குறைப்பதில்லை. குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் என்ற இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரலாகாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது. 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில், டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்த இருமல் சிரப்பினால் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் மாண்டனர். அச்சிரப்பு தயாரானது நம் தமிழ்நாட்டில். தானே அடங்கக்கூடிய இருமலுக்காகத் தரப்பட்ட மருந்து அது என்பதைப் பெற்றோர் மறக்கலாகாது. சிறு குழந்தைக்கு எந்தச் சிரப்பையும் கடையில் கேட்டு வாங்கித் தர வேண்டாம்.

இரண்டாம் கணக்கு: இரண்டு வாரம்

மூன்று வாரம் பொறுங்கள் என்று கூறிவிட்டு, இரண்டு வாரத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும்? நாம் வாழும் நாட்டில் காசநோய் இன்னும் இருப்பதால்தான்.

இரண்டு வாரமோ அதற்கு மேலோ இருமல் நீடித்தால் காசநோய்க்கான பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் நெறிமுறை. அரசு மையங்களில் இச்சோதனையும் சிகிச்சையும் இலவசம். பதினைந்தாம் நாளும் இருமுபவரில் பெரும்பாலானோருக்குச் சாதாரண அழற்சியே ஆறிக்கொண்டிருக்கும். இருந்தாலும் அதை ஊகத்தால் முடிவு செய்யாமல், சளியைக் கொடுத்துத் தெரிந்துகொள்வதே முறை. பொறுமையாக இருங்கள் என்று சொல்லும் எனக்குச் சோதனையைத் தள்ளிப்போடுங்கள் என்று சொல்லும் உரிமை இல்லை.

முதற்கணக்கை மீறுவோருக்கு இரண்டாம் கணக்கும் தவறிப்போவது இங்கேதான். லீவோஃபிளாக்சசின் முதலிய சில ஆன்டிபயாடிக்குகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும் இயல்புடையவை. சாதாரண இருமல் என்று எண்ணி அவற்றை உண்பவருக்கு உண்மையில் காசநோய் இருந்தால், சில நாட்கள் குணமானது போலத் தோன்றும். சோதனையிலும் கிருமி அகப்படாமல் போகலாம். நோய் மறைந்திருந்து, வாரக்கணக்கில் குடும்பத்தாருக்கும் பரவி, பின்னர் மருந்துக்கு அடங்காத வடிவில் வெளிப்படவும் கூடும்.

காசநோய் என்ற சொல்லுக்கு அஞ்சிச் சோதனையைத் தவிர்ப்போர் பலர். மகளுக்குத் திருமணம் பேசும் வேளையில் இப்படி ஒரு பெயர் வந்துவிடுமோ என்று தயங்கும் தாய்மாரை நாம் அறிவோம். அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு நல்ல வரலாறு உண்டு. 1956ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினருக்கு அவரவர் எளிய வீடுகளிலும் சிகிச்சையளித்தது. வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். அவர்களது குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை என்று 1959இல் வெளிவந்த ஆய்வறிக்கை காட்டியது. உலகெங்கும் காசநோயாளிகளை வீட்டிலிருந்து பிரிக்கும் வழக்கம் மறையத் தொடங்கியதற்கு அந்தச் சென்னை ஆய்வே பெருங்காரணம். ஒளித்து வைக்க வேண்டிய நோயன்று இது. மாதக்கணக்கு மருந்தால் குணமாகும் நோய்.

மூன்றாம் கணக்கு: மூன்று மாதம்

ஆண்டில் மூன்று மாதம் சளியுடன் கூடிய இருமல், அவ்வாறு தொடர்ந்து இரண்டு ஆண்டுகள், வேறு காரணம் ஏதும் இல்லை. இதுவே நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சிக்கு மருத்துவம் வகுத்துள்ள இலக்கணம். ஓராண்டுப் பனிக்காலம் முழுவதும் இருமியவர், மறு ஆண்டும் அவ்வாறே இருமினால், அவரை இவ்விலக்கணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எட்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வறட்டு இருமலுக்கு ஆஸ்துமா, நெஞ்செரிச்சல், இரத்தக் கொதிப்புக்காக உண்ணும் சில மாத்திரைகள் எனப் பிற காரணங்களும் உண்டு. ஆகவே, உண்டுவரும் மருந்துகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாட்பட்ட அழற்சிக்குத் தலையாய காரணம் புகை. இதை உலகம் உணரக் கொடுத்த விலை பெரிது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை, நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து லண்டன் நகரைப் போர்வையாக மூடின. அந்நாட்களிலும் அவற்றை அடுத்தும் வழக்கத்தை விட ஏறத்தாழ 4,000 பேர் கூடுதலாக மாண்டதாக அக்காலத்துக் கணக்கு கூறிற்று. பிற்கால ஆய்வாளர்கள் அதனினும் மிகுதி என்பர். மாண்டவர்களில் பலர் முன்னரே மூச்சுக்குழாய் அழற்சியால் துன்புற்றவர்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1956இல், பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் இயற்றியது.

நம் வீடுகளுக்குள் உள்ள புகைக்குச் சட்டம் ஏதுமில்லை. பீடியும் சிகரெட்டும் பிடிக்கும் ஆண்களுக்கே இந்நோய் வரும் என்ற எண்ணம் தவறானது. வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டறியாத, ஆனால் நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் குனிந்து ஊதுகுழலால் ஊதிய பெண்மணிக்கும் அதே நோய் வருகிறது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டமும், அதற்கு முன்னரே தமிழக அரசு வழங்கிய இலவச எரிவாயு அடுப்பும் பல சமையலறைகளை மாற்றியிருப்பது உண்மை. ஆயினும் சிலிண்டர் விலைக்கு அஞ்சி, வெந்நீர் வைக்கவும் நெல் அவிக்கவும் கொல்லைப்புறத்து விறகடுப்பு இன்னும் எரிகிறது. அதன் முன் அமர்வது பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்மணி. அவரது காலை இருமலை வீட்டார் கோழி கூவுவதைப் போல இயல்பான ஒலியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பூட்டிய அறையில் இரவெல்லாம் எரியும் கொசுவத்திச் சுருளும் இப்பட்டியலில் சேர வேண்டியது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிப்படும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை இதற்கு எவ்வளவோ மேல். போகி நாளன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கும் வழக்கம், பஞ்சாலைத் தூசு, கல்லுடைக்கும் இடத்துத் தூள் ஆகியவற்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்பது பொழுதுபோக்குக்காக அன்று.

தொடர்ந்த புகையால் குழாயின் சளிச்சுரப்பிகள் பருத்து, மயிரிழைகள் அழிகின்றன. குழாய்களும் குறுகத் தொடங்கினால் மூச்சடைப்பு நிலைத்துவிடுகிறது. இழந்ததை முழுதும் மீட்க இயலாது; ஆனால் இழப்பின் வேகத்தைக் குறைக்க இயலும். 1960களில் ஏறத்தாழ 800 லண்டன் ஆண்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஃபிளெட்சர், பீட்டோ என்ற இரு ஆய்வாளர்கள், 1977இல் வெளியிட்ட கட்டுரையில் இதைத் தெளிவுபடுத்தினர். புகைப்பதை நிறுத்தியவரின் நுரையீரல் பழைய திறனைத் திரும்பப் பெறவில்லை; ஆனால் அதன்பின் அது தேய்ந்த வேகம், புகைக்காதவருக்கு உள்ள இயல்பான வேகத்தை ஒட்டியிருந்தது. "இனி விட்டு என்ன பயன்?" என்று கேட்கும் அறுபது வயதினருக்கு இதுவே விடை. நிறுத்திய நாள் எதுவாயினும், அதற்குப் பிந்திய ஆண்டுகள் உங்களுக்கு மிச்சம். தனியே நிறுத்த முடியாதவர்கள் 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

நாட்பட்ட இருமல் உள்ளவர் ஒருமுறையேனும் ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதுசோதனை செய்துகொள்ள வேண்டும். ஊசி இல்லை, வலி இல்லை. குழாய் ஒன்றில் பலமாக ஊதினால் போதும். எக்ஸ்ரே தெளிவாக இருக்கும்போதும் குழாய்கள் குறுகியிருப்பதை அது காட்டிவிடும்.

குழாய்கள் குறுகியிருந்தால், இன்ஹேலர் பரிந்துரைக்கப்படும். "அது பழகிவிடும்; கடைசி நிலையில் எடுப்பது" என்ற அச்சம் நம் குடும்பங்களில் வேரூன்றியுள்ளது. கணக்கைப் பாருங்கள். சால்பூட்டமால் மருந்து, மாத்திரையாக உட்கொண்டால் 4 மில்லிகிராம். இன்ஹேலரில் இருமுறை உறிஞ்சினால் 200 மைக்ரோகிராம். அதாவது இருபதில் ஒரு பங்கு. சிறிதளவு மருந்து நேராகக் குழாயை அடைவதால், உடலின் பிற பகுதிகளுக்குப் படபடப்பும் நடுக்கமும் குறைவு. பிழை பெரும்பாலும் மருந்தில் இல்லை, உறிஞ்சும் முறையில்தான் இருக்கிறது. ஆகையால் மருத்துவமனைக்கு வரும்போதெல்லாம் இன்ஹேலரையும் கொண்டுவந்து, எடுக்கும் முறையைச் செவிலியரிடம் செய்து காட்டுங்கள். ஸ்பேசர் என்னும் இடைக்குழல், கையும் மூச்சும் ஒத்துழைக்காத முதியோருக்குப் பெருந்துணை. ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் எடுத்த பின் வாய் கொப்பளிக்க மறவாதீர்கள். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசியும், நிமோனியாவுக்கு எதிரான தடுப்பூசியும் குறித்து மருத்துவரைக் கேளுங்கள். மூச்சு வாங்குகிறது என்று நடையை அடியோடு நிறுத்திவிடாமல், அவர் சொல்லும் அளவுக்கு நாள்தோறும் நடப்பதும் சிகிச்சையின் பகுதியே.

நாள் எண்ணக் கூடாத நேரங்கள்

பின்வருவன தோன்றினால் எந்த நாட்கணக்கும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

• ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச இயலாமை
• சளியில் இரத்தம்
• குளிர் நடுக்கத்துடன் கடுங்காய்ச்சல், அல்லது மூன்று நாட்களுக்கு மேல் தணியாத காய்ச்சல்
• மூச்சிழுக்கும்போது மார்பில் குத்தும் வலி
• உதடு நீலமாதல், முதியவருக்குத் திடீர்க் குழப்பம் அல்லது அளவு மீறிய உறக்கம்
• குழந்தை பால் குடிக்க மறுத்தல், மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல்

குழந்தையின் மூச்சை வீட்டிலேயே எண்ணலாம். அழாமல் அமைதியாக இருக்கும்போது, சட்டையை விலக்கி, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் தாமதிக்க வேண்டாம். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வீட்டில் இருந்தால், நாட்பட்ட நோயாளிகள் தம் வழக்கமான அளவையும், எந்த அளவுக்குக் கீழே போனால் வர வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இரு தரப்பின் கடமை

இதுவரை கூறியவற்றுக்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. "தினக்கூலிக்குப் போகிறவன் மூன்று வாரம் இருமிக்கொண்டிருக்க முடியுமா? ஒரு நாள் கூலியை விட்டு, பேருந்துச் செலவும் செய்து வருபவனைச் சும்மா திருப்பியனுப்பலாமா?" என்று கேட்கலாம். கேட்பவர் பக்கம் உண்மை இருக்கிறது. அவர் விரும்புவது ஆன்டிபயாடிக்கை அன்று. தன் வருகை வீணாகவில்லை என்ற உறுதியை. அந்த உறுதியை விளக்கத்தால் தருவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். மருந்துச் சீட்டால் தருவதற்கு அரை நிமிடம் போதும். நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் அரை நிமிடமே வெல்கிறது. ஆகவே, நோயாளிகளை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. மருத்துவர்களாகிய நாங்களும் இவ்வழக்கத்தை வளர்த்தவர்களே.

இதற்கு என் யோசனை எளியது. இருமலுடன் வரும் ஒவ்வொருவரும் ஆராயப்பட்ட பின், மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூன்று தேதிகளுடன் வீடு திரும்ப வேண்டும். இருமல் தொடங்கிய தேதி. சளிப் பரிசோதனைக்கு வர வேண்டிய பதினைந்தாம் நாள். இருமல் அடங்கியிருக்க வேண்டிய இருபத்தோராம் நாள். அவற்றின் கீழே, மேற்சொன்ன அபாய அறிகுறிகள். மருந்துச் சீட்டின் பின்புறமே இதற்குப் போதும். மருத்துவர் எழுதித் தராவிட்டால், "எத்தனை நாளில் அடங்கும்? எந்த நாளில் திரும்பி வர வேண்டும்?" என்று நீங்களே கேளுங்கள். அக்கேள்வி மருத்துவரை ஐயுறுவதாகாது. நல்ல மருத்துவர் அதை வரவேற்பார்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. குழந்தைக்கு மூன்று நாள் இருமல் என்றால் இரவே ஆட்டோ பிடித்து ஓடி வருகிறோம். அது பாசம், குறை சொல்வதற்கில்லை. அதே வீட்டில், அடுப்படியில் பத்து ஆண்டுகளாக இருமும் அம்மாவுக்கோ, திண்ணையில் இருமும் அப்பாவுக்கோ எப்போது சோதனை செய்தோம் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த முறை குழந்தையை அழைத்து வரும்போது, அவர்களையும் உடன் அழைத்து வாருங்கள்.